எக்ஸ்ட்ரா ஆள்

குத்தாலத்துல சீசன் நேரத்துல ரூம் போடணும்னா எங்க தெருவுல முதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க, இதை நான் பெருமைக்குச் சொல்லலை, யாரை வேணா கேட்டுப் பாருங்க. கோவில்பட்டியில இருந்துக்கிட்டே, ஐந்தருவி ரோட்டுல எந்த லாட்ஜுல எந்த ரூமுல கூரை ஒழுகும், எந்த மேனேஜர் சிரிச்சுப் பேசினா இறங்குவார், எவர் அழுதாத்தான் இறங்குவார்ங்கிற வரைக்கும் எனக்கு அத்துப்படி. வெள்ளி சனி ஞாயிறு போகக்கூடாது, செவ்வாய்க்கிழமை போய் வியாழக்கிழமை திரும்பணும். ரூம் புக் பண்ற ஆப்புல காட்டுற விலையைப் போன்ல படம் பிடிச்சு வச்சுக்கிட்டு நேரா லாட்ஜுக்கே கூப்பிட்டு, அவங்களுக்குக் குடுக்கிற கமிஷனை எனக்குக் குறைச்சுக்கோங்கன்னு கேக்கணும். சாரல் அடிக்கிற ஊருல ஏசி எதுக்கு, அருவி தெரியுற ஜன்னல் எதுக்கு, அருவியைத்தான் நேர்லயே போய்ப் பாக்கப் போறோமே. இப்படி நான் சொல்லிக்குடுத்து மத்தவங்க மிச்சம் பண்ணின காசையெல்லாம் ஒண்ணாச் சேத்தா எங்க தெருவுல ஒரு மாடி வீடே எழுப்பியிருக்கலாம்.

இதுக்கெல்லாம் மேல ஒரு வழி இருக்கு. அதை நான் யாருக்கும் சொல்லிக்குடுக்கலை, அது நம்ம சனத்துக்குப் பிறக்கும்போதே தெரியும். ஆளைக் குறைச்சுச் சொல்றது. ஏழு பேர் போனா நாலு பேர்னு எழுதறது, மிச்ச மூணு பேரும் எதிர்த்தாப்புல டீக்கடையில ஒதுங்கி நிக்கிறது, சாவி கைக்கு வந்ததும் ஒருத்தர் ஒருத்தரா, கையில ஒரு பையைத் தூக்கிக்கிட்டு, யாரையோ பாத்துட்டுப் போக வந்த மாதிரி உள்ள நுழையறது. எக்ஸ்ட்ரா ஆளுக்கு முந்நூறு நானூறுன்னு பிடுங்குறாங்கல்ல, அது மிச்சம். எங்க தெருவுல இதுக்குப் பேரே 'பின்னாடி வர்றது'. எங்க வீட்ல பின்னாடி வர்றது எப்பவும் மதினிதான்.

மதினின்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா. கல்யாணம் கூடி வரலை, வராமலே அம்பது வயசு தாண்டிருச்சு. நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்ல என் மாமியாரை எதிர்த்து எனக்காக வாயைத் திறந்த ஒரே ஆளு அவங்க. என் மக சுபிதா பிறந்தப்போ எனக்கு ஜன்னி கண்டு பதினேழு நாள் படுத்துட்டேன், பிள்ளையைத் தன் நெஞ்சோட போட்டுக்கிட்டுப் பதினேழு நாளும் தூங்காம இருந்தவங்க அவங்க. கட்டில் பத்தலைன்னா தரையில படுப்பாங்க, சோறு பத்தலைன்னா பசிக்கலைம்பாங்க. ஒரு ஆளை எண்ணாம விடணும்னா எந்த ஆளை விடுவீங்க, நீங்களே சொல்லுங்க. சத்தம் போடாத ஆளைத்தானே.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, மேகலா லாட்ஜுன்னு ஒண்ணு எனக்குச் சிக்குச்சு. ஐந்தருவி ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ளடங்கி, பாசி பிடிச்ச சுவரும் இருட்டு ஹாலுமா, அதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதே இல்லாத இடம். எல்லாரும் ஆயிரத்தைநூறு கேக்கிற நாள்ல அவங்க எழுநூறுன்னாங்க, நான் போன்லயே துள்ளிட்டேன். கவுண்டர்ல இருந்தவர் மெலிஞ்ச மனுசர், முன்னால மேசை அகலத்துக்கு ஒரு பழைய ரிஜிஸ்தர். "எத்தனை பேரும்மா?"ன்னார். மூணு பேர்னேன். தேதியைப் போட்டுட்டு மறுபடியும், "எத்தனை பேரு?"ன்னார். மூணு விரலைக் காட்டினேன். பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மூணாவது தடவையும் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இங்க எழுதினாத்தான் ஆளு."

எனக்கு வந்ததே கோவம். "என்ன சார், எண்ணத் தெரியாமயா இம்புட்டு தூரம் வந்திருக்கோம்? நான், இவங்க, எங்க மக. மூணே பேரு!"ன்னு ஹாலே கேக்கிற மாதிரிச் சொன்னேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைத் தகரத்துக்குக் கீழ, மதினி துணிப்பையை இடுப்புல வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவர் மூணுன்னு எழுதி அடியில ஒரு கோடும் போட்டார்.

மறுநாள் காலையில மெஸ்ஸுல நாலு பேரும் வரிசையா உக்காந்தோம், மூணு இலை விழுந்துச்சு. இங்க ஒரு இலைன்னு எங்க வீட்டுக்காரர் மதினி பக்கம் கையைக் காட்டினார். பரிமாறுறவர் அந்த நாற்காலியைப் பாத்துட்டு, பையை அங்கயே வச்சுக்கோங்க சார், யாரும் உக்கார மாட்டாங்கன்னுட்டுப் போனார். என் இட்லியில ரெண்டை மதினிக்குக் குடுத்தேன். பழைய அருவிக்குப் பஸ் ஏறினோம், கண்டக்டர் நாலு பேரையும் தாண்டி வந்து மூணு டிக்கெட் கிழிச்சார். வழியில குரங்குக ஒவ்வொருத்தர் கையா பிடுங்கிக்கிட்டு வந்துச்சுக, சுபிதா கையில இருந்த பழச் சீப்பு போச்சு, என் மடியில இருந்த முறுக்கு போச்சு, மதினி கையில உரிச்ச வாழைப்பழம், அதை ஒரு குரங்கும் திரும்பிப் பாக்கலை. திரும்பி வந்து மெயினருவியில பொம்பளைங்க பக்கம் நானும் மதினியும் கையைக் கோத்துக்கிட்டு உள்ள போனோம், தண்ணி என் மண்டையில இடி மாதிரி விழுது, கண்ணைத் தொறந்து பாக்குறேன், மதினி பக்கத்துலயே நிக்கிறாங்க, சேலை காஞ்சு கிடக்கு, காலையில தலையில வச்ச எண்ணெய் வச்சபடியே மினுங்குது.

"மதினி, நனையலையா?"

"இல்ல தங்கம். சத்தம் கேக்குது, தண்ணி வரலை"ன்னாங்க.

வெளிய வந்து எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர், "நல்லதாப் போச்சு, அக்காவுக்குச் சளி பிடிக்காது"ன்னார். அவ்வளவுதான். பகல் சாப்பாட்டுக்குச் சோறும் சாம்பாரும் கூடக் கேட்டு வாங்கி நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம், திரும்பி வர்றப்போ தென்காசியில இருந்து மூணே டிக்கெட், ரூம் வாடகை சேத்து எனக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் மிச்சம். அன்னைக்கு அந்தக் கணக்குல எனக்கு எப்படி ஒரு சந்தோசம் வந்துச்சுன்னு இப்ப நினைச்சா வாயில அடிச்சுக்கணும் போல இருக்கு.

ஊருக்கு வந்ததும் சேதி பரவிருச்சு. ஒருத்தர்கூட பயப்படலை, அதைச் சொல்லணும். எங்க எதிர்வீட்டு டெய்லர் ரெத்தினசாமி அண்ணாச்சி, நாலு பொம்பளைப் பிள்ளை பெத்த மனுசன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து, "என்னம்மா ஆவுடைத்தங்கம், பஸ்ஸுலயுமா கேக்கலை? ரயில்ல?"ன்னு கேட்டார். ரயில்ல போய்ப் பாக்கலை அண்ணாச்சின்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே மேகலா லாட்ஜுல ரூம் போட்டு, தன் மாமனாரை டீக்கடையில நிறுத்திட்டு, வரும்போது மதுரை வரைக்கும் ரயில்ல போய்ப் பாத்துட்டு வந்து, "ரயில்லயும் கேக்கலை!"ன்னு தெரு முக்குல நின்னு கத்தினார். அந்த ஆடி முடியறதுக்குள்ள எங்க தெருவுல இருந்து பதினோரு குடும்பம் போய் வந்துருச்சு, எல்லாருக்கும் ரூம் போட்டுக் குடுத்தது நான்தான், பதினோரு வீட்லயும் ஒவ்வொரு ஆளு பின்னாடி வந்தாங்க. ஒரு வீட்ல மாமனாரு, ஒரு வீட்ல சித்தி, ஒரு வீட்ல வாழாம வந்த தங்கச்சி, ஒரு வீட்ல வாய் பேசாத மச்சினன். எவரும் வீட்டுத் தலைவரை விடலை, எவரும் சம்பாதிக்கிற ஆளை விடலை, அதை யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணலை, தானா அப்படி அமைஞ்சது.

பிறகு அதுவே பழக்கமாயிருச்சு. பொண்ணு பாக்க வர்றவங்க வீட்ல எத்தனை பேருன்னு கேட்டா, எழுதினது அஞ்சு, பின்னாடி ஒண்ணுன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க, கேட்டவங்களும் தலையை ஆட்டிக்கிட்டாங்க. கல்யாண வீட்ல பந்தியில பின்னாடி வந்தவங்களுக்கு இலை விழாது, அதனால கூடப் போற நாங்க ஒரு டிபன் பாக்ஸ் கொண்டு போக ஆரம்பிச்சோம். சினிமாவுக்கு டிக்கெட் வேண்டாம், யாராவது வந்து அவங்க மடியிலயே உக்காந்துருவாங்க, அதனால ஓரமா நின்னு பாத்துக்கிட்டாங்க. ரேசன் கடையிலதான் தகராறு வந்துச்சு: மிஷின்ல அவங்க ரேகை விழலை, கார்டுல அவங்க பேர் இருந்த இடம் வெள்ளையாயிருச்சு, அரிசி குறைஞ்சு போச்சு. அதுக்குத் தெருவே கூடி மனு எழுதினோம். மனுவுல அரிசியைப் பத்திப் பன்னிரண்டு வரி இருந்துச்சு. ஆளுகளைப் பத்தி ஒரு வரி இல்லை, எழுதினது நான்தான், எனக்குத் தெரியும்.

முதல்ல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அவங்க தெரியாமப் போனாங்க. தெருக்குழாய்ல மதினி குடத்தை வச்சுட்டு நின்னா, யாருதுடி இந்தக் குடம்னு எடுத்து ஓரமா வச்சுட்டு அடுத்தவ பிடிப்பா. மூணாவது வீட்டுப் பூரணம், தன் மாமியாரைப் பின்னாடி வர வச்சவ, அந்தக் கிழவிக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டோக்கன் குடுக்கலை, கெஞ்சி உள்ள கூட்டிட்டுப் போனா டாக்டர் பூரணத்தோட நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துட்டு அவளுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தார். நாலு நாள் கழிச்சு வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தவ என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எங்க வீட்ல ஒரு கட்டில் அதிகமாக் கிடக்கு, யாராவது குடுத்து வச்சிருந்தாங்களா, உங்களுக்கு நினைப்பிருக்கா?"ன்னா. "உன் மாமியா கட்டில்டி"ன்னேன். அவ சிரிச்சா. "போங்கக்கா, நான் வாழ்க்கைப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்க மாமியார் இல்லையே"ன்னா.

அன்னைக்கு வீட்டுக்கு ஓடி வந்து பாத்தேன், மதினி அடுப்படியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. "மதினி, நீங்க எங்கயும் போயிராதீங்க"ன்னேன். "நான் எங்க போகப் போறேன்"ன்னாங்க. ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு எங்க வீட்டுக்காரர் மூணு தட்டு எடுத்து வச்சார். நான் நாலாவது தட்டை வச்சேன், அவர், "யாராச்சும் வர்றாங்களா?"ன்னு கேட்டார். "உங்க அக்கா"ன்னேன். சுபிதா, பதினேழு நாள் அந்த நெஞ்சுல கிடந்து வளந்த பிள்ளை, போனை விட்டுக் கண்ணை எடுக்காம, "அம்மா, அப்பாவுக்கு ஏது அக்கா?"ன்னா. மதினி அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவ குழம்பு ஊத்துற கரண்டி அவங்க கையைத் தாண்டித் தாண்டிப் போச்சு. "விடு தங்கம், பிள்ளைக்குப் படிப்புல கவனம்"ன்னாங்க மதினி. நான் எந்திரிச்சுப் போய் அடுப்படியில நின்னு அழுதேன்.

அந்தத் தெருவுலயே பின்னாடி வந்த ஆளு கண்ணுக்குத் தெரியுற வீடுன்னா அப்புறம் என் வீடு ஒண்ணுதான். ரெத்தினசாமி அண்ணாச்சி வீட்ல மாமனார் ஒரு நாள் காலையில துணிப்பையைத் தூக்கிக்கிட்டுத் தென்காசிப் பஸ் நிக்கிற பக்கம் நடந்து போனதை நான் பாத்தேன், கூப்பிட்டேன், அவர் திரும்பலை. ஒவ்வொருத்தரா அப்படித்தான் போனாங்க, எல்லாரும் அதே பக்கம். அவங்களை எண்ணாம விட்ட அந்த லாட்ஜுக்குத்தான் போறாங்கன்னு எனக்குப் புரிஞ்சது. எனக்கு ஏன் மதினி இன்னும் தெரிஞ்சாங்கன்னு கேட்டீங்கன்னா, மூணு பேருன்னு சொன்ன வாய் என்னோடது, அதனால கடைசியா மறக்கிற ஆளும் நானாத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன். ஆனா எனக்கும் ஆரம்பிச்சுருச்சு. ஒரு நாள் அவங்க மூக்குத்தி எந்தப் பக்கம்னு மறந்துச்சு. ஒரு நாள் அவங்க உயரம் மறந்துச்சு. முகம் கலங்கின தண்ணியில தெரியுற மாதிரி ஆகிருச்சு, குரலும் சேலையும் துணிப்பையும்தான் பாக்கி.

இந்த வருசம் ஆடி பிறந்ததும், திரும்பப் போய் அந்த ரிஜிஸ்தர்ல எழுதிட்டா எல்லாம் சரியாயிரும்னு எனக்குத் தோணுச்சு. லாட்ஜுக்குப் போன் போட்டேன். அந்த மெலிஞ்ச குரல்தான். "விட்டுப் போன ஆளை இப்ப எழுதலாமா சார்?"

"தாராளமா எழுதலாம்மா. ஆளு கூட வரணும். பேரு வேணும். பேரு என்ன?"

நான் வாயைத் தொறந்தேன். பேரு வரலை. அட, வந்தாத்தானே? இருபத்தாறு வருசம் மதினி மதினின்னே கூப்பிட்டேன், வீட்டுக்காரர் அக்காம்பார், சுபிதா அத்தைம்பா, தெருவுல சின்னவங்க எல்லாரும் மதினிம்பாங்க, மாமியா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடும், அதுவும் செத்துப் போச்சு. மூத்தவங்க பேரைச் சொல்லாம இருக்கிறது மரியாதைன்னு வளந்தோம். ஓடிப் போய் மதினியையே கேட்டேன். அவங்க சொன்னாங்க. நல்லாக் காதுல விழுந்துச்சு, ஆனா போன் வரைக்கும் நடந்து வர்றதுக்குள்ள போயிருச்சு. மறுபடியும் கேட்டு, காலண்டர் ஓரத்துல எழுதினேன், தலையை நிமித்திப் பாக்குறேன், காலண்டர்ல ராகுகாலமும் எமகண்டமும்தான் இருக்கு. மூணாவது தடவை கேக்கும்போது அவங்க குரலே தேய்ஞ்சு கேட்டுச்சு, அதுக்கு மேல கேக்க எனக்குப் பயமாயிருச்சு.

அப்பத்தான் பாத்திரம் ஞாபகம் வந்துச்சு. எவர்சில்வர்ல பேர் வெட்டியிருப்போமே, இரும்புல வெட்டினது அழியாதுல்ல? மதினிக்குக் கல்யாணம் ஆகும்னு அவங்க அம்மா சேத்து வச்ச பாத்திரமெல்லாம் பரண்ல இருந்துச்சு. ஏணி போட்டு ஏறி, மூட்டையைப் பிரிச்சு, ஒவ்வொண்ணாத் துடைச்சுப் பாத்தேன், குடம், போகணி, தூக்குவாளி, அடுக்குச்சட்டி, கிண்ணம். எல்லாத்துலயும் கோ.நா., கோ.நா., கோ.நா. எங்க வீட்டுக்காரர் கோமதிநாயகம், அவர் பேரு. வெட்டச் சொன்னது யாருங்கிறீங்க? நான்தான். வந்த புதுசுல, பேர் வெட்டுறவன் எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி கேட்டான், பேரை முழுசா வெட்டினா ஆகுமேன்னு, எல்லாம் ஒரே வீட்டுச் சாமான்தானேன்னு, ரெண்டே எழுத்துல முடிச்சுட்டேன். மதினியும் பக்கத்துல நின்னு, "ஆமா தங்கம், அதுவே போதும்"ன்னு சொன்னது எனக்கு அந்தப் பரண்ல வச்சுக் கேட்டுச்சு. தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

பேரில்லாட்டாப் போகுதுன்னு கிளம்பிட்டேன். எங்க வீட்டுக்காரர், "தனியாவா? எதுக்கு?"ன்னார். தனியா இல்லைன்னேன். மதினி கையைப் பிடிச்சேன், பிடிச்ச கையை விடலை. பஸ்ஸுல ரெண்டு டிக்கெட் கேட்டேன், பைக்கெல்லாம் டிக்கெட் வேண்டாம்மான்னார் கண்டக்டர். குடுங்கன்னு அதட்டி வாங்கினேன். சங்கரன்கோவில் தாண்டும்போது திரும்பிப் பாத்தேன், பக்கத்து சீட்டுல சேலை மடிப்பு மட்டும் தெரிஞ்சது, கை மட்டும் கைக்குள்ள சூடா இருந்துச்சு. அந்தச் சூட்டைப் பிடிச்சுக்கிட்டே தென்காசி வந்து, குத்தாலம் வந்து, அந்தப் பாசி பிடிச்ச படியேறினேன். டீக்கடைப் பக்கம் நிக்க விடலை, என் கூடவே ஏத்தினேன்.

அதே மனுசர், அதே ரிஜிஸ்தர். ஹால் காலியாக் கிடந்துச்சு. "எத்தனை பேரும்மா?"

"ரெண்டு."

அவர் தலையை நிமித்தி என்னைப் பாத்தார். அந்தக் கவுண்டர்ல உள்ளபடி எண்ணிச் சொன்ன முதல் ஆளு நானாத்தான் இருக்கணும்.

"பேரு?"

"ஆவுடைத்தங்கம். இன்னொருத்தங்க..." மதினி கையை இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். "உலகம்மாள்னு எழுதிக்கோங்க. நான் வைக்கிற பேருதான். கூடாதா?"

"பேரை யாரு வேணா வைக்கலாம்மா. எழுதின பிறகு நீங்க ஆளைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்"னு சொல்லிட்டு எழுதினார். மை காயுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், எழுத்து நின்னுச்சு, அழியலை. எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. அவர் ரசீதுப் புத்தகத்தை இழுத்து, "ரூம் எழுநூறு, அன்னைக்கு விட்டுப் போன எக்ஸ்ட்ரா ஆளுக்கு நானூறு, ஆயிரத்து நூறு குடுங்க"ன்னார்.

இதைச் சொல்லாம விட்டுரலாம். விட்டா நான் மனுசியே இல்லை. நானூறுன்னு அவர் சொன்னதும் என் வாய் தானாத் தொறந்துச்சு. "என்ன சார், எதிர்த்த லாட்ஜுல எக்ஸ்ட்ரா ஆளுக்கு முந்நூறுதானே? ஆப்புல போட்டிருக்கான், காட்டட்டுமா?"ன்னு கேட்டுக்கிட்டே பையில இருந்து போனை எடுத்தேன். போனை எடுக்க ஒரு கை வேணும், தடவ ஒரு கை வேணும். ரெண்டு கையாலயும் தேடி, படத்தைக் கண்டுபிடிச்சு, அவர் கண்ணாடிக்கு முன்னால நீட்டினேன். அவர் பொறுமையாப் பாத்துட்டு, சரி, அம்பது குறைச்சுக்கோங்கன்னார். எனக்குள்ள அந்தப் பழைய சந்தோசம் குதிச்சது. அது குதிச்ச பிறகுதான் என் கை வெறுங்கைன்னு தெரிஞ்சது.

திரும்பினேன். ஹால் நிறைய ஆளு. சுவரோரமா, மாடிப்படியில, ஜன்னலுக்குக் கீழ, நெருக்கிக்கிட்டு, எல்லாரும் கையில ஒரு பை, எல்லாரும் சாயம் போன சேலை, வேட்டி, எல்லார் தலையும் காஞ்ச தலை. எங்க தெருவு மட்டும் இல்லை, எந்தெந்த ஊரோ, எத்தனை வருசமோ. முகமெல்லாம் கலங்கலாத்தான் இருந்துச்சு. உலகம்மாள்னு கூப்பிட்டேன், புதுப் பேருதானே, ஒருத்தரும் அசையலை. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரைச் சொல்லி, தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"மதினி!"

அந்த ஹாலுல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க.

நான் கையை நீட்டினேன். வேற என்ன செய்ய? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, குருடி மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னேன், சாமி, எங்க மதினி கையைக் குடுன்னு வேண்டிக்கிட்டு நின்னேன். ஒரு கை வந்து என் கைக்குள்ள விழுந்துச்சு. சூடா இருந்துச்சு. இறுக்கிப் பிடிச்சேன், திரும்பிப் பாக்கலை, விறுவிறுன்னு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலையில மெஸ்ஸுல ரெண்டு இலை விழுந்துச்சு. மெயினருவியில தண்ணி அவங்க தலையில விழுந்து தெறிச்சது, சேலை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, குளிர்ல பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு, நான் கட்டிப் பிடிச்சு ஓன்னு அழுதேன், தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. கண்டக்டர் தானா ரெண்டு டிக்கெட் கிழிச்சார். வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர், "எங்க போயிருந்தக்கா, ரெண்டு நாளா வீடே வீடா இல்ல"ன்னார், சுபிதா அத்தைன்னு ஓடி வந்து மடியில படுத்துக்கிட்டா. ரேசன் கார்டுல உலகம்மாள்னு பேர் இருந்துச்சு, அது எப்பவும் அப்படித்தான் இருந்ததுன்னு வீட்ல ரெண்டு பேரும் சொன்னாங்க.

ஆனா அவங்க மஞ்சப்பொடி டப்பா எதுன்னு தேடினாங்க. ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்டாங்க, மதினிக்குப் பூண்டு வாடையே ஆகாது. படியில இறங்கும்போது வலது முட்டியைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னைத் தங்கம்னு கூப்பிடலை, நீங்க வாங்கன்னாங்க, இந்தாங்கன்னாங்க. எங்க வீட்டுக்காரர் சந்தோசமா அக்கா அக்கான்னு சாப்பிடுறார், பிள்ளை மடியை விட்டு எந்திரிக்கலை, நான் மட்டும் ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பாக்குறேன், முகம் இப்பத் தெளிவாத்தான் இருக்கு, அது நல்ல முகம்தான். பன்னிரண்டு நாள் பொறுத்தேன். அதுக்குள்ள ஆடி முடிஞ்சு, சாரல் நின்னு, மேகலா லாட்ஜுக்குப் போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்க ஆளில்லை.

பதிமூணாவது நாள் மத்தியானம், வீட்ல ரெண்டு பேருமே இருந்தோம், உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் முன்னால போய் உக்காந்தேன்.

"நீங்க யாரு?"

சொளகு நின்னுச்சு.

"அம்பாசமுத்திரம் பக்கம்மா எனக்கு. என் மகன் குடும்பத்தோட வந்தேன், ஒம்பது வருசமாச்சு. எனக்கு முட்டி வலி, அந்த ஹாலுல உக்காரவும் இடமில்லை, நின்னுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க மதினின்னு கூப்பிட்டுக் கையை நீட்டினப்போ, நான் வரலை. உங்களுக்குப் பக்கத்துலயே ஒரு அம்மா நின்னாங்க, அவங்கதான் உங்க கையை முதல்ல தொட்டாங்க. தொட்டுட்டு, என்னைத் திரும்பிப் பாத்துட்டு, என் கையைப் பிடிச்சு உங்க கைக்குள்ள வச்சுட்டாங்க."

"ஏன்? ஏன் அப்படிச் செஞ்சாங்க? ஏதாவது சொன்னாங்களா?"

"'போங்க, பயப்படாதீங்க, நல்ல பொண்ணு, நல்லாப் பாத்துக்கிடுவா'ன்னாங்க."

நான் அவங்க ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கினேன். உளுந்து தரையெல்லாம் சிதறுச்சு. "பேரு? அவங்க பேரு என்ன? கேட்டீங்களா? ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. நீங்க யாரும்மா, இப்படிச் செய்யுறீங்களே, உங்க பேரு என்னன்னு கேட்டேன்." அவங்க கண்ணு நிறைஞ்சிருச்சு. "ஆவுடைத்தங்கத்தோட மதினின்னாங்க."